மூன்றாவது குட்டிக்குக் கீழே

வெளியிலிருந்து எடுத்த படங்கள்
என்னிடம் நாற்பத்தொன்று இருக்கின்றன.
எல்லாவற்றிலும் யாரோ ஒருவர்
பானெட்டில் முழங்கை ஊன்றிச் சிரிக்கிறார்.
கார் வாங்கியவர்கள் காருக்கு முன்னால் நின்றார்கள்.
உள்ளே உட்கார்ந்தவர்கள் சாலையைப் பார்த்தார்கள்.
கதவின் உள்பக்கத்தை,
கூரைத்துணி எங்கே மடிந்து எங்கே முடிகிறது என்பதை
படம் பிடிக்க
ஒருவருக்கும் ஒரு காரணமும் இருந்திருக்கவில்லை.

இசபெல்லா. ஐம்பத்தெட்டாம் வருடத்து வண்டி.
பைசாண்டு ஊரில், தோல் கிடங்குக்குப் பின்னால்,
கோழிகள் குடியிருக்கும்போதே வாங்கினேன்.
என்ஜினைப் பேசவைக்க வாஷிங்டன் பென்டாங்கூர் இருந்தார்.
(உருகுவேயில் வாஷிங்டன் சாதாரணப் பெயர்தான்.
அவர் தம்பி நெல்சன், தகர வேலை.)
உள்ளே மட்டும் ஒன்றுமில்லை.
துருப்பிடித்த சுருள்கள், கொஞ்சம் நார்,
உடையாத ஒரு முட்டை.

கல்யாண ஆல்பங்கள் கேட்டு வீடுவீடாகப் போனேன்.
மணப்பெண்ணின் முக்காடு எப்போதும்
நான் பார்க்கவேண்டிய இடத்திலேயே விழுந்திருந்தது.
காப்பீட்டு அலுவலகத்தில் பழைய விபத்துக் கோப்பு ஒன்று தந்தார்கள்.
ஸ்டியரிங் இருக்கைவரை வந்திருந்தது.
டாஷ்போர்டின் குமிழ்களை எண்ணினேன். நான்கு.
எண்ணியதற்கு வெட்கப்பட்டுக் கோப்பை மூடினேன்.
நான்கு என்பதைக் குறித்துக்கொண்டேன்.

பிறகு சால்ட்டோவிலிருந்து தபாலில் ஒரு படம் வந்தது.
அனுப்பியவர் நெல்வா எட்சார்ட்.
பின்கதவே இல்லாத அந்த வண்டியில்
முன்னிருக்கையை மடக்கிவிட்டு
அவர் கணவர் ஃபிளாஷ் போட்டு எடுத்தது.
"எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர்
ஒரு பல்ப் செலவழிக்கவில்லை" என்று எழுதியிருந்தார்.
பின்னிருக்கை முழுவதும் துலக்கமாகத் தெரிந்தது.
அதன்மேல், அன்று காலை ஈன்ற நாய்.

லென்ஸ் வைத்து எண்ணினேன்.
இடதுபக்கம் பதினொரு மடிப்பு.
பிறகு நாய்.
நாய்க்கு அப்பால் இரண்டு.
ஓரப் பட்டி வளைந்து இறங்கும் இடம்,
இரண்டு வருடமாக என் தூக்கத்தைத் தின்ற இடம்,
மூன்றாவது குட்டிக்குக் கீழே இருந்தது.

தொலைபேசியில் கேட்டேன்:
குட்டிகளை எடுத்த பிறகு வேறு படம் உண்டா?
நெடுநேரம் சிரித்தார்.
இருக்கை என்ன நிறம்?
"பச்சை. ஆலிவ் இலையின் பின்பக்கம்."
யோசிக்கவே இல்லை.
என் வண்டியிலோ
குரோம் பட்டையின் அடியில் நாலு விரல் துணி மிச்சமிருந்தது.
திராட்சை மது சிந்திய சிவப்பு.
படத்தில் அது சாம்பல்.
கருப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும்
ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

பக்கத்து வீட்டு நாயைக் கூட்டி வந்து
பிஸ்கட் கொடுத்துப் படுக்கவைத்து அளந்தேன்.
அந்த அகலத்துக்கு ஐந்து மடிப்பு.
ஆனால் பட்டி?
ஒரு மாதம் கழித்து, மாத்தே குடித்துக்கொண்டே
சும்மா பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது:
நான்கு குட்டிகள் மட்டமாகக் கிடக்கின்றன,
மூன்றாவது மட்டும் சரிந்திருக்கிறது.
கண் திறக்காத அந்த உயிரின் வயிற்றுக்கடியில்
ஒரு மேடு.
அதன் முதுகு எந்தப் பக்கம் சாய்கிறதோ
அந்தப் பக்கமே பட்டியை வளைத்துத் தைத்தேன்.

ஜூலைக் குளிரில் நெல்வா பஸ் ஏறி வந்தார்.
சிவப்பைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.
பின்னிருக்கையில், நாய் இருந்த இடத்தில்,
கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார்.
வாஷிங்டன் தெருமுனைவரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார்.

இறங்கும்போது
ஏறிட்டுப் பார்க்காமலே வலக்கையை மேலே நீட்டினார்.
விரல்கள் வெறுங்காற்றில் மூடிக்கொண்டன.
"இங்கே ஒரு வார் இருந்ததே" என்றார்,
கையை இன்னும் இறக்காமல்.

எந்தப் படத்திலும் அப்படியொரு வார் இல்லை.

அப்படியே இருங்கள், அசையாதீர்கள்
என்று கத்திவிட்டு
சாக்பீஸ் தேடி உள்ளே ஓடினேன்.